கார்லைலின் கையெழுத்துப் பிரதி எரிந்தது அவர் வீட்டில் அல்ல

ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எழுதி முடித்த 'பிரெஞ்சுப் புரட்சி' நூல் முழுவதும் ஸ்காட்லாந்துப் பண்ணை வீட்டில் வேலைக்காரி கையால் எரிந்துபோனது என்ற பதிவு சுற்றுகிறது. தவறு.

ஸ்காட்லாந்தில் இருந்த அந்தக் கிரெய்கன்புட்டக் பண்ணையை விட்டு 1834-லேயே அவரும் மனைவி ஜேனும் லண்டன் செல்சியில் செய்ன் ரோ வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். பிரதி எரிந்தது 1835 மார்ச்சில். அதுவும் முதல் பாகம் மட்டும்தான். படித்துப் பார்க்க வாங்கிப்போன நண்பர், தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் இருந்தபோது. பழைய காகிதம் என்று நினைத்து வேலைக்காரப் பெண் அடுப்பில் போட்டுவிட்டதாகத்தான் சொன்னார்கள். வேறு நகல் கிடையாது. மில் 200 பவுண்டு கொடுக்க முன்வந்தார். கார்லைல் 100 மட்டுமே வாங்கிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு! அப்புறம் செல்சி வீட்டிலேயே உட்கார்ந்து அந்தப் பாகத்தை மறுபடி எழுதினார். நூல் 1837-ல் வெளிவந்தது.