ஒற்றைக்கண் ராணியும் ஒரு வெண்கலத் தலையும்

"ரோமை மண்டியிட வைத்த ஒற்றைக்கண் ராணி அமானிரேனாஸ்!" நேற்று மட்டும் மூன்று குரூப்பில் இந்த ஃபார்வர்ட். கூடவே ஏஐ வரைந்த படம், கறுப்புக் கண்பட்டையோடு. எனக்கும் இந்த ராணியை ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே எரிச்சல்.

நடந்தது இது. எகிப்து ரோமர் கைக்குப் போய் ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. கி.மு. 25 வாக்கில், இன்றைய சூடானில் இருந்த குஷ் அரசின் படை எகிப்தின் தெற்கு எல்லையில் இருந்த அஸ்வானுக்குள் புகுந்து ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் சிலைகளைச் சாய்த்தது. ரோமானிய ஆளுநர் பெட்ரோனியஸ் பதிலுக்கு குஷ் அரசின் நபாட்டா நகரத்தைத் தரைமட்டமாக்கினார். கடைசியில் குஷ் தூதர்கள் சாமோஸ் தீவு வரை போய் அகஸ்டஸையே பார்த்தார்கள், விதித்த கப்பம் ரத்தானது. யாரும் மண்டியிடவில்லை. ஆனாலும் நகரத்தைப் பறிகொடுத்த பிறகு பேசிக் கப்பத்தை ரத்து செய்ய வைத்தது லேசுப்பட்ட காரியமா?

இவ்வளவையும் எழுதி வைத்தவர் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர். எகிப்தை ஆண்ட இன்னொரு ரோமானிய ஆளுநரின் சிநேகிதர். பெட்ரோனியஸ் கோட்டையில் விட்டுவந்த வீரர்கள் 400 பேர், அவர்களுக்கு இரண்டு வருஷச் சாப்பாடு என்பதுவரை கணக்கு வைத்திருக்கிறார். ராணியின் பெயர்? இல்லை. ஆம்பிளை மாதிரியான பொம்பளை, ஒரு கண் பழுது. வர்ணனை அத்தோடு சரி. 'கந்தாகே' என்கிறார், அது குஷ் ராணிகளின் பட்டம். (பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற கந்தாகே பிந்தைய காலத்து வேறு ராணி.) எதிரி முகாம்காரர் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்குத்தான் நாம் கண்பட்டை மாட்டி லைக் போடுகிறோம்.

அமானிரேனாஸ் என்ற பெயர் இருப்பது குஷ் கல்வெட்டுகளில். சூடானின் ஹமதாப்பில் கிடைத்த கல்லில் கட்டிப்போட்ட கைதிகளின் வரிசை செதுக்கியிருக்கிறது, அதன்கீழ் குஷ் மக்களின் மெரோயிடிக் எழுத்தில் வரிவரியாக ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளின் ஒலியை 1911லேயே கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டார். மொழிதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. திருப்பதியில் பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அர்த்தம் தெரியாமல் நிற்பேனே, அதே கதை. போரைப் பற்றி ராணி தரப்பு சொன்னதே அந்தக் கல்லில் இருக்கலாம். வாய்விட்டு வாசிக்கலாம், புரியாது.

புரிகிற மாதிரி ஒன்று 1910ல் குஷ் தலைநகரான மெரோவில் கிடைத்தது. கோயில் படிக்கட்டுக்கு அடியில் அகஸ்டஸின் வெண்கலத் தலை, ஆளின் தலையைவிடப் பெரியது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதன்மேல் கால் வைத்துத்தான் போயிருக்க வேண்டும். மண்ணுக்குள் கிடந்தும் கண்ணாடி பதித்த கண்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.