தனித்தியானம் தோட்டத்து மக்களுக்கும் வேண்டும்

இலங்கை மலையகக் கத்தோலிக்கர்களாகிய நாம் தியானம் என்றதும் கூட்டத்தையே நினைக்கிறோம். பந்தல், ஒலிபெருக்கி, வெளியூரிலிருந்து வரும் போதகர், நள்ளிரவு வரை நீளும் குணமளிக்கும் வழிபாடு. அவற்றால் பலர் தேறுதல் அடைந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவற்றைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒருவர் தனியே ஒரு துறவி மடத்துக்குச் சென்று, எவருடைய பிரசங்கமும் இல்லாமல், சில நாட்கள் இறைவன் முன் மௌனமாக இருந்துவிட்டு வருகின்ற தனித்தியானத்தைப் பற்றி நம் பங்குகளில் எவரும் பேசுவதில்லை. அது குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது, அல்லது கொழும்பிலிருந்து சொந்த வாகனத்தில் வரக்கூடியவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. மற்ற எவரையும் விட அது தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவருக்கே அதிகம் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

10 அடிக்கு 12 அடி என்று அளந்து கட்டிய லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பக்கத்துக் காம்பராவின் இருமலும் சண்டையும் தொலைக்காட்சியும் சுவரைத் தாண்டி வரும். நம் வீட்டு அழுகையும் அப்படியே அங்கே போகும். என் அம்மா நீண்ட காலம் நோயுற்றிருந்து இறந்தபோது, அடக்கத்திலிருந்து முப்பத்தோராம் நாள் வரை வீடு உறவினரால் நிறைந்திருந்தது. அவர்கள் வந்ததும், சமைத்துப் போட்டதும், முன் திண்ணையான இஸ்தோப்பில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் பெரிய அன்பு. ஆயினும் அத்தனை நாட்களில் தனியாக இருந்து அழுவதற்கு எனக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு வேலை, கடன், பிள்ளைகள் என்று வாழ்க்கை ஓடியது. துக்கம் உள்ளேயே கிடந்து கோபமாக மாறிக்கொண்டிருந்தது. எங்கள் பங்குத் தந்தைதான் ஹப்புத்தளையில் உள்ள அடிஷாம் துறவி மடத்துக்குப் போய்ச் சில நாட்கள் இருந்துவிட்டு வரச் சொன்னார்.

அடிஷாமை நம்மில் பெரும்பாலோர் சுற்றுலா இடமாகவே அறிவோம். வார இறுதியிலும் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் பாடசாலை விடுமுறையிலும் மக்கள் வருகிறார்கள். வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்த்து, ஜாம் போத்தல்கள் வாங்கி, முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மற்ற நாட்களில் அது புனித ஆசீர்வாதப்பர் துறவி மடம். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றி, 1845இல் இலங்கைக்கு வந்த சில்வஸ்திரின் சபைத் துறவிகளின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். தங்கமலைக் காடு ஒரு பக்கம், தேயிலை மறுபக்கம். ஆனால் அமைதி அந்தக் காட்சியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மலையும் மூடுபனியும் நமக்குப் புதியவை அல்ல. அவற்றின் நடுவில்தான் நாம் இத்தனை காலம் அமைதியின்றி வாழ்கிறோம்.

முதல் நாளில் அமைதி கிடைக்காது என்பதைப் போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வெளிச் சத்தம் நின்றதும் உள்ளே இருக்கிற சத்தம் எழும்பும். கைபேசியை அணைத்து வைத்த பிறகும் கை அதைத் தேடும். செய்யாமல் விட்டவை, சொல்லாமல் விட்டவை, மருத்துவமனை வாசலில் காத்திருந்த நேரங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அந்த நிலையில் என்னைத் தாங்கியது திருப்பாடல்கள்தான். 6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் துறவிகளின் வாழ்க்கை விதிகளான தம் ஒழுங்கை எழுதியபோது, 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும் என்று விதித்தார். இனிமையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பாடுவதற்கு அதில் இடமில்லை. முறையீடு வரும், பழிவாங்கச் சொல்லிக் கேட்கும் கோபம் வரும், நன்றியும் வரும். 88ஆம் திருப்பாடல் எந்த ஆறுதலும் சொல்லாமல் இருளோடு முடிகிறது. அதைத் தமிழில் மெதுவாக வாசித்தபோதுதான், நான் இறைவனிடம் சொல்லத் துணியாதவற்றைத் திருச்சபை நூற்றாண்டுகளாகச் செபமாகவே சொல்லி வந்திருக்கிறது என்று புரிந்தது. அம்மாவுக்காக அன்று அழுதேன். எவரும் வந்து ஆறுதல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய உதவி என்பதை அப்போது உணர்ந்தேன்.

மணி அடித்தால் செபம், மணி அடித்தால் வேலை, இரவு மன்றாட்டுக்குப் பின் பேச்சே இல்லை. இந்த ஒழுங்கு என்னை வேறொரு வகையிலும் தொட்டது. தோட்டத்திலும் நம் வாழ்வை வேலைக்கு அழைக்கும் சங்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டும் நேரம் பிரித்துத்தான் ஆண்டன. ஆனால் அந்த நேரம் நமக்குரியதாக இருக்கவில்லை; பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் கூலி குறையும் என்ற அச்சமே அதை நடத்தியது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கிலோ, உடலுழைப்புக்கும் இறைநூல் வாசிப்புக்கும் தனித்தனி நேரம் உண்டு. வேலை செய்கிற அதே மனிதர் வாசிக்கவும் உரிமையுள்ளவர். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது குற்றமில்லை என்று உடலுக்குப் புரிவதற்கே அந்த நாட்கள் தேவைப்பட்டன.

இன்று மடமாக இருக்கும் அடிஷாம் மாளிகையை 1931இல் கட்டி முடித்து அதில் வாழ்ந்தவர் ஆங்கிலேயரான சேர் தோமஸ் வில்லியர்ஸ். துரைமார் பங்களாக்களுக்குள் நம் பாட்டன் பாட்டிமார் வேலைக்காரராக அன்றிக் கால் வைக்க முடியாத காலம் அது. 1960களின் தொடக்கத்தில் அது துறவிகளிடம் வந்தது. இன்று ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளை அங்கே விருந்தாளியாகத் தங்கலாம் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகின்ற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு 53ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. அதிலும், ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்தோடு ஏற்க வேண்டும் என்றும், அவர்களிடத்தில் கிறிஸ்து மிகச் சிறப்பாக ஏற்கப்படுகிறார் என்றும் அது சொல்கிறது.

ஆகவே கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவு வரை நம் மக்கள் போய்ச் சேர்வதற்குத்தான் வழியில்லை. நாள் கூலியில் வாழும் ஒரு பெண், வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளுக்கும் கூலியை இழக்கிறாள். போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது, தண்ணீர் யார் எடுப்பது என்ற கேள்விகளும் உண்டு. இவற்றுக்குப் பங்குச் சபைகளால் பதில் காண முடியும். திருவிழாவுக்கு மின்விளக்குச் சோடனைக்கும் வெடிக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஒரு தாய்க்குப் போக்குவரத்தும், தங்கும் செலவும், இழக்கும் கூலியும் கொடுத்து அனுப்பலாம். பங்கின் அயல் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் உள்ள மற்றப் பெண்கள் அவளுடைய வீட்டை அந்த நாட்களில் பார்த்துக்கொள்ளலாம். மரண வீட்டில் கேட்காமலே இதைச் செய்கிறவர்கள்தானே நாம்? துக்கத்தில் இருப்பவர்கள், குடியை விட்டு மீளப் போராடுபவர்கள், வெளிநாட்டு வேலையிலிருந்து உடைந்த மனதோடு திரும்பியவர்கள் ஆகியோரை முதலில் அனுப்ப வேண்டும்.

எங்கள் பங்குச் சபையில் இதை எழுத்து மூலம் முன்வைக்கப் போகிறேன். தனிப்பட்ட முறையில் போக விரும்புகிறவர்கள், மடத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, தியானத்துக்காகவே வருவதாகத் தெளிவாகச் சொல்லி, சுற்றுலாப் பயணிகள் வராத வார நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்த் திருவிவிலியத்தையும் ஒரு தடித்த கம்பளிச் சட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.