யாருடைய கையில் இருக்கிறது துப்பாக்கி?

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ வணிக வளாகத்திலோ துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி வந்ததும், நம் முகநூல் வட்டாரத்தில் இரண்டு விளக்கங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. துப்பாக்கி நிறுவனங்களின் பணமும், என்.ஆர்.ஏ. என்று அழைக்கப்படும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் செல்வாக்கும் அரசியல்வாதிகளின் கையைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்பது ஒன்று. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காப்பதாக 1791-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது சட்டத்திருத்தத்தை அந்த மக்கள் வேதவாக்காகக் கருதுகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இவை மட்டுமே காரணம் என்றால், அதே சட்டத்திருத்தம் நடைமுறையில் இருந்த அதே நாட்டில், அதே சங்கத்தின் ஆதரவோடு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மளமளவென்று நிறைவேறிய காலமும் உண்டே, அதை எப்படி விளக்குவது? துப்பாக்கி யாருடைய கையில் இருப்பதாக மனம் கற்பனை செய்கிறது என்பதைப் பொறுத்தே அங்கே துப்பாக்கி உரிமை பற்றிய கருத்து அமைகிறது என்பது என் வாதம். அந்தக் கை கறுப்பினத்தவருடையது என்றால், உரிமை பேசிய பலர் சட்டம் ஒழுங்கு பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

1967-ஆம் ஆண்டின் கலிபோர்னியாவைப் பாருங்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாகத் தெருவில் எடுத்துச் செல்வதை அன்றைய மாநிலச் சட்டம் தடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய, கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் கட்சியினர் அந்தச் சட்டத்தைத் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டார்கள். காவல்துறை வண்டிகளைப் பின்தொடர்ந்து சென்று, கறுப்பினத்தவர் யாரையாவது போலீசார் நிறுத்தி விசாரித்தால், சட்டம் அனுமதிக்கும் தொலைவில், துப்பாக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி நின்று கவனித்தார்கள். போலீசார் ஆட்சேபித்தால் சட்டப் பிரிவையே எடுத்துச் சொன்னார்கள். சட்டத்தை மீறியதாக அவர்கள் மேல் குற்றம் சொல்ல வழியில்லாதபோது, சட்டத்தையே மாற்றுவதற்கு டான் மல்ஃபர்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து மே 2 அன்று ஏறத்தாழ முப்பது பாந்தர்கள் ஆயுதங்களுடன் சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. மசோதா இன்னும் வேகமெடுத்தது. என்.ஆர்.ஏ. அதை ஆதரித்தது. ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் அதில் கையெழுத்திட்டார். ஒரு குடிமகன் குண்டு நிரப்பிய ஆயுதத்தோடு தெருவில் செல்ல எந்தக் காரணமும் இல்லை என்று அவர் அப்போது கருத்துத் தெரிவித்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, என்.ஆர்.ஏ. தன் வரலாற்றில் முதன்முறையாக ஆதரவு அறிவித்த குடியரசுத் தலைவர் வேட்பாளரும் இதே ரீகன்தான்.

அன்றைய என்.ஆர்.ஏ. வேட்டைக்காரர்களின், குறிபார்த்துச் சுடும் விளையாட்டினரின் சங்கமாகவே இருந்தது, 1977-இல் சின்சினாட்டி மாநாட்டில் உறுப்பினர்கள் தலைமையை எதிர்த்து நடத்திய கலகத்துக்குப் பிறகுதான் அது சமரசமற்ற அரசியல் அமைப்பாக மாறியது என்று சிலர் பதில் சொல்வார்கள். அது சரிதான். ஆனாலும், பல ஆண்டுகளாக யாரையும் உறுத்தாமல் இருந்த ஒரு வழக்கம், கறுப்பின இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தவுடனே ஏன் உறுத்தியது என்பதற்கு அந்தப் பதிலில் விளக்கம் இல்லை.

இந்த உறுத்தலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1857-இல், அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன நேரும் என்று அடுக்கிய பட்டியலில், போகும் இடமெல்லாம் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்துவிடும் என்பதையும் சேர்த்தார். துப்பாக்கி உரிமை குடிமகனுக்கு இயல்பானது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குடிமகன் யார் என்பதில்தான் சிக்கல். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. 1956-இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அகிம்சையின் முகமாக நாம் போற்றும் மனிதர், வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தபோது குண்டு வீசப்பட்ட பின் அப்படியொரு விண்ணப்பம் போட்டார் என்பதை அறியாதவர்கள் நம்மிடையே பலர்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2016 ஜூலை 6 அன்று மினசோட்டா மாநிலத்தின் ஃபால்கன் ஹைட்ஸில் ஒரு கார் நிறுத்தப்பட்டது. ஓட்டியவர் ஃபிலாண்டோ காஸ்டீல், கறுப்பினத்தவர், முப்பத்திரண்டு வயது, பள்ளி உணவகத்தில் மேற்பார்வையாளர். துப்பாக்கி எடுத்துச் செல்ல முறையாகப் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர். காரில் அவருடைய தோழியும், தோழியின் நான்கு வயது மகளும் இருந்தார்கள். பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லி ஆவணங்களைக் கேட்ட அதிகாரியிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவர் தானாகவே, மரியாதையோடு தெரிவித்தார். காவல்துறை கேட்டால் சொன்னால் போதும் என்பதுதான் அந்த மாநிலத்துச் சட்டம். அவர் கேட்காமலேயே சொன்னார். அதை எடுக்க வேண்டாம் என்று அதிகாரி சொல்ல, எடுக்கவில்லை என்று காஸ்டீல் சொல்ல, சில நொடிகளில் அதிகாரி ஏழு முறை சுட்டார்; காஸ்டீல் இறந்தார். அடுத்த ஆண்டு நடுவர் குழு அந்த அதிகாரியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சட்டத்தை மதிக்கும் துப்பாக்கி உரிமையாளர் என்ற சொற்றொடரைக் கொடியாகப் பிடித்து வந்த என்.ஆர்.ஏ., காஸ்டீலின் பெயரைக்கூடக் குறிப்பிடாத ஓர் அறிக்கையை முதலில் வெளியிட்டது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் இப்படிச் செத்திருந்தால் அந்தச் சங்கம் எவ்வளவு கொந்தளித்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, பாகுபாடெல்லாம் ஒழிந்துவிட்டது, கறுப்பினத்தவர் முன்னேறாததற்கு அவர்களுடைய முயற்சிக் குறைவே காரணம் என்பது போன்ற கூற்றுகளை வெள்ளையர்கள் எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்று அளந்தது. அந்த அளவு கூடக்கூட வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கான வாய்ப்பும், கட்டுப்பாடுகளுக்கான எதிர்ப்பும் கூடின. பத்து ஆண்டுகளுக்குப் பின் வந்த இன்னொரு சோதனை இன்னும் கூர்மையானது: கறுப்பினத்தவர் சட்டப்படி துப்பாக்கி வாங்குவது வேகமாகக் கூடுகிறது என்று படிக்கக் கொடுத்ததும், இன வெறுப்பு அதிகம் உள்ள வெள்ளையர்களிடம் துப்பாக்கி உரிமைக்கான ஆதரவு தளர்ந்தது. 1967-இன் சாக்ரமெண்டோவை ஆய்வுக்கூடத்தில் மறுபடி நடத்திப் பார்த்தது போலத்தான் இருக்கிறது.

துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு வெள்ளையரும் இனவெறியர் என்று இதற்குப் பொருள் கொள்வது அபத்தம். 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது வெள்ளையர்களில் 38 சதவீதமும், கறுப்பினத்தவரில் 24 சதவீதமும் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அத்தனை கோடி மக்களில் மான் வேட்டைக்காரர்கள் உண்டு. போலீஸ் வந்து சேர அரை மணி நேரமாகும் பண்ணை வீட்டுக்காரர்கள் உண்டு. என் கேள்வி தனிமனிதர்களின் நெஞ்சைப் பற்றியது அல்ல. பொதுவெளியில் 'பாதுகாப்பு' என்று சொல்லும்போது, யாரிடமிருந்து என்பதற்கு ஒரு முகம் சொல்லப்படாமலே நிரப்பப்படுகிறது. அந்த முகத்தைப் பார்த்துப் பயப்படுவதிலேயே கவனம் போய்விடுவதால், வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியின் உண்மையான ஆபத்து மறைந்துபோகிறது. 2021-இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வோரில் பெரும்பான்மையினர் வெள்ளை ஆண்கள்.

அங்கே வாழும் நம்மவர்களையும் இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். வீடு பார்க்கும்போது 'அந்த ஏரியா பக்கம் வேண்டாம்' என்று சொல்வதும், அந்த ஏரியா எது, ஏன் என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் புரிந்துவிடுவதும் நம் வீட்டுக் கூடங்களில் சாதாரணமாக நடப்பதுதான். கொரோனா காலத்தில் ஆசிய வம்சாவளியினரும் துப்பாக்கிக் கடைகளின் பக்கம் போனார்கள். அந்தக் கடையில் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்திலேயே இனம் என்ன என்ற கேள்வி உண்டு. அதில் 'ஆசியர்' என்ற கட்டத்தில் குறியிடுபவர், அந்தத் துப்பாக்கியை மனத்துக்குள் யாரை நோக்கி நீட்டுகிறார் என்பதை அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவு எழுதிவிட்டு, ஆகவே கட்டுப்பாடுகள் எல்லாம் நல்லவை என்று முடித்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். கறுப்பின மக்களில் பெரும்பான்மையினர் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களை ஆதரிக்கிறார்கள். துப்பாக்கிக் கொலைகளில் பிள்ளைகளை அதிகம் பறிகொடுப்பவர்கள் அவர்கள்தானே. ஆனால் சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை உடைத்த 2010-ஆம் ஆண்டு வழக்கைத் தொடுத்தவர்களில் முதல் பெயர் ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற, எழுபது வயதைத் தாண்டிய கறுப்பின முதியவருடையது. வீட்டில் திரும்பத் திரும்பத் திருட்டு நடந்ததால், தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்றார் அவர். 'தக்க காரணம்' காட்டினால்தான் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் என்ற நியூயார்க்கின் விதியை 2022-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய புரூயன் வழக்கில், ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க் வழக்கறிஞர்கள், அவர்களில் கறுப்பின வழக்கறிஞர்களும் சேர்ந்து, துப்பாக்கி உரிமைத் தரப்பை ஆதரித்து மனு போட்டார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போகும் தாங்கள் வாதாடும் ஏழைகளில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமே என்பது அவர்கள் வாதம். தாராளவாதிகள் பலருக்கு அந்த மனு கசந்தது; எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கிங்கின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், நியூயார்க்கில் 'தக்க காரணம்' காட்டியவருக்கே உரிமம் என்று இருந்ததும், காஸ்டீலின் காரருகே நின்ற அதிகாரியின் பயமும், எல்லாமே ஓர் அதிகாரி எதிரில் இருப்பவரை எடைபோட்டு முடிவெடுக்கும் இடங்கள். இனம் நுழைவது அங்கேதான். அதனால் எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, வாங்குவதற்கு முன் காத்திருக்கும் காலம், வீட்டில் பூட்டி வைக்கும் கட்டாயம் போன்ற, வாங்குபவர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரி விழும் சட்டங்களை நான் ஆதரிக்கிறேன். தற்கொலைகளைக் குறைக்க உதவுவதும் பெரும்பாலும் இவைதான். கையில் துப்பாக்கி வைத்திருந்தார், அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்ற ஒரு குற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் சிறை என்று தண்டனையை ஏற்றிக்கொண்டே போகும் சட்டங்களை, அவற்றை ஜனநாயகக் கட்சியினரே கொண்டுவந்தாலும், ஆதரிக்க மாட்டேன்.