மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கிறார்கள்

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சளி பிடித்து மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, வாயால் மூச்சுவிட்டே தொண்டை வறண்டு போயிருந்த என் மனைவிக்காக, நாங்கள் வசிக்கும் அமெரிக்க நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். ஆனால் எனக்கு வேண்டிய சூடோஎபெட்ரின் மாத்திரை அலமாரியில் இருக்காது. மருந்தாளுநரின் மேசைக்குப் பின்னால்தான் இருக்கும், அந்தப் பிரிவை 6 மணிக்கே மூடிவிட்டார்கள். மறுநாள் காலை மீண்டும் போய் வரிசையில் நின்றேன். என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக் கணினியில் பதிந்தவர், 30 நாளுக்கு எனக்கு அனுமதிக்கப்பட்ட அளவு முடிந்துவிட்டது என்று பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். எந்தத் தவறும் செய்யாத என்னை அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். எனக்கும் என் மனைவிக்கும் வசந்த காலத்தில் மகரந்தத் தூள் ஒவ்வாது. இருவருமே ஒவ்வாமை மருந்தோடு சூடோஎபெட்ரின் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு ஒன்று போடுகிறோம். ஒரு மாத்திரையில் 240 மில்லிகிராம். இருவருக்கும் ஒரு மாதத்துக்கு 60 மாத்திரை வேண்டும். மாத்திரையில் மருந்தோடு சேர்ந்திருக்கும் உப்புப் பகுதியின் எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது 11 கிராமைத் தாண்டுகிறது. சட்டம் ஒருவருக்கு அனுமதிப்பதோ ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாளைக்கு 9 கிராம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை மீறாமல் உட்கொள்ளும் இரண்டு பேருக்காக ஒருவர் வாங்கினால் அவர் வரம்பை மீறியவராகிவிடுகிறார். கடைகளை ஒரே மின்னணுப் பதிவேடு இணைத்திருப்பதால் அடுத்த தெருவில் உள்ள கடைக்குப் போயும் பயனில்லை. மனைவியே நேரில் வந்து தன் அட்டையைக் காட்டினால் தருவோம் என்றார்கள். படுக்கையில் கிடப்பவர் எழுந்து வந்தால்தான் மருந்து என்றால் அது என்ன நியாயம்?

சூடோஎபெட்ரினைக் கொண்டு மெத்தாம்ஃபெட்டமின் என்ற கொடிய போதைப்பொருளைக் காய்ச்சினார்கள் என்பதால் 2006 மார்ச்சில் இந்தச் சட்டம் வந்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, வாங்கிய நேரம், அளவு, கையெழுத்து அத்தனையும் பதிந்து இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பொய்யான தகவல் தந்தால் 250,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் மூக்கடைப்புக்காரர் கையெழுத்திட வேண்டும். வீடுகளுக்குள் நடந்த காய்ச்சுமிடங்கள் குறைந்தன என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வீடுகளில் தீக்காயம் பட்ட குழந்தைகளை நினைத்தால் அது நல்லதுதான். ஆனால் போதைப்பொருள் ஒழிந்ததா? மெக்சிகோவின் கும்பல்கள் சூடோஎபெட்ரினே தேவைப்படாத வேறொரு வேதிமுறைக்கு மாறிக்கொண்டன. இன்று அமெரிக்காவில் புழங்கும் மெத்தாம்ஃபெட்டமினில் பெரும்பகுதி எல்லையைக் கடந்தே வருகிறது. 2006 முதல் ஒரேகான் மாநிலமும் 2010 முதல் மிசிசிப்பியும் ஒருபடி மேலே போய் மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்கவே முடியாது என்று ஆக்கின. இரண்டுமே 2022 ஜனவரியில் அதைக் கைவிட்டுவிட்டன. காய்ச்சுபவன் வழியை மாற்றிக்கொண்டு போய்விட்டான். பதிவேட்டில் கையெழுத்திட வேண்டிய நாங்கள்தான் அதே வரிசையில் நிற்கிறோம்.

இதைவிட என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறொன்று. மேசைக்கு இந்தப் பக்கம், யார் வேண்டுமானாலும் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த மூக்கடைப்பு மாத்திரைகளில் இருப்பது ஃபெனைலெஃப்ரின் என்ற வேறொரு மருந்து. மூக்கில் தெளித்தால் அது வேலை செய்யும். விழுங்கினால் பெரும்பகுதி இரத்தத்தில் கலக்கும் முன்பே குடலில் சிதைந்துவிடுகிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மருந்தியல் ஆய்வாளர்கள் 2007லேயே இதைச் சொல்லி மனுக் கொடுத்தார்கள், 2015லும் கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில்தான் அரசின் உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழு, விழுங்கும் ஃபெனைலெஃப்ரினால் மூக்கடைப்பு தீராது என்று 16க்கு 0 என்ற கணக்கில் வாக்களித்தது. 2024 நவம்பரில் அதை நீக்கலாம் என்று நிர்வாகமே முன்மொழிந்தது. அதன்பின் ஐந்து மாதம் கழித்து நான் போனபோதும் அதே பெட்டிகள் கண் மட்டத்தில் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவசரத்தில் அதைத்தான் காசு கொடுத்து வாங்கிப் போயிருந்தேன். இரவு முழுவதும் என் மனைவி தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். பலன் தரும் மருந்துக்கு அடையாள அட்டை, கையெழுத்து, சிறை எச்சரிக்கை. பலன் தராததற்கு ஒரு கேள்வியும் இல்லை. நோயாளியை இதைவிட எப்படி அவமதிக்க முடியும்?

பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நோயுற்ற இருவருக்காக ஒருவர் வாங்கும் அளவுக்கு வரம்பை உயர்த்துங்கள். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த மருந்தும் கிடைக்கும்படி செய்யுங்கள். விழுங்கினால் வேலை செய்யாது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாத்திரையை அலமாரியிலிருந்து எடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் என் மனைவி கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். இருபது நிமிடம் வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, கையெழுத்திட்டு, தன் மாத்திரையைத் தானே வாங்கினாள். ஒரு மணி நேரத்தில் மூக்கு திறந்தது.