ஊருணிப் படிக்கு சிமெண்ட் பூசலாமா?

"படி சரிந்ததற்குப் பழைய சுண்ணாம்புக் காரைதான் காரணம், மேலே சிமெண்ட் பூசினால் தீர்ந்தது; ஊருணிக்கு இறங்கும் சந்தும் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

நம் பக்கம் ஊருணிப் படிகள் பெரும்பாலும் செம்புராங்கல். கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை, நீரை உறிஞ்சும், வெயிலில் விடும். சுண்ணாம்பும் அப்படித்தான். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, நாலைந்து மழைக்குள் பூச்சு பாளமாகப் பெயரும்; பெயரும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். எங்கள் தெரு முனை ஊருணியில் சிமெண்ட் பூசிய மூன்றாவது படியைத் தட்டிப் பாருங்கள், 'டொப்'பென்று வெற்றோசைதான் கேட்கும். படி சரிவது பெரும்பாலும் வரத்துக்கால் (ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாய்) அடைபட்டு, தெருத் தண்ணீர் படிக்குப் பின்னால் இறங்கி மண்ணை அரிப்பதால். முதலில் கால்வாயைத் தூர்வாருங்கள், அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

சுண்ணாம்பு மெதுவாக இறுகும் என்பது உண்மைதான். அதனால்தான் தண்ணீர் வற்றிய கோடையில் செய்ய வேண்டும். ஐப்பசியில் ஆரம்பித்தால் கரையத்தான் செய்யும், அதற்குக் காரையைத் திட்டி என்ன பயன்?

சரி, சந்து விஷயம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆவது பிரிவு பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து என்கிறது. இந்தச் சந்து பொதுவா, பட்டாவா என்பதைப் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (கிராம நிலங்களின் பதிவேடு) வைத்துப் பார்க்கலாம். திண்ணையை நீட்டிக் கட்டியதால் மட்டும் அது யாருடையதும் ஆகிவிடாது.