எல்விஸுக்கே 'முடியாது' சொன்ன பாட்டு

அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டு பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், "அது டாலி பார்ட்டன் பாட்டுங்க, தெரியுமா?" என்று ஒருத்தர் வருவார். "இருக்கட்டுமே, அதைப் பாட்டாக்கியது விட்னிதானே?" என்று இன்னொருத்தர் மல்லுக்கு நிற்பார். முப்பது வருஷமாக ஓயாத சண்டை. ரெண்டு பேருமே குரலைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுவது பாட்டின் உரிமைப் பத்திரம்.

டாலி டென்னசி மலைக்காட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்து, பாட்டெழுதிப் பிழைக்க, 'கன்ட்ரி' எனும் அமெரிக்க கிராமிய பாணி இசைக்குத் தலைநகரான நாஷ்வில் வந்தவர். 1967இல் கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனர் தன் டிவி நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் முகம் தெரிந்தது அதில்தான். சில வருஷங்களில் டாலி அந்த நிகழ்ச்சிக்கு மேலே வளர்ந்துவிட்டார். போகிறேன் என்றால் வேகனர் விடுவதாக இல்லை, தினம் வாக்குவாதம். பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதி, மறுநாள் அவர் எதிரிலேயே பாடிக் காட்டினார். வேகனர் அழுதுவிட்டார். போகலாம், ஆனால் இந்தப் பாட்டை நான்தான் தயாரிப்பேன் என்றாராம். பாட்டில் உருகிய அதே மனிதர் பிற்பாடு டாலி மேல் கேஸ் போட்டார், அது கோர்ட்டுக்கு வெளியே முடிந்தது. கண்ணீர் வேறு, கணக்கு வேறு!

ஆக இது காதல் பாட்டே இல்லை. முதலாளியிடம் கொடுத்த ராஜினாமாக் கடிதம். நான் இங்கேயே இருந்தால் உனக்கு இடைஞ்சல்தான், அதனால் கிளம்புகிறேன் என்றுதான் ஆரம்பமே. இதைக் கல்யாண ரிசப்ஷனில் போடுகிறவர்களை என்ன சொல்ல?

1973இல் பதிவாகி, 1974இல் வெளிவந்து, கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. மூன்று நிமிஷம்கூட வராது. அந்தப் பதிவில் கவனிக்க வேண்டிய இடம் மூன்றாவது சரணம். அதை டாலி பாடவில்லை, பேசுகிறார். நல்லா இரு, நீ நினைத்ததெல்லாம் கிடைக்கட்டும், அதுக்கும் மேலே அன்பு கிடைக்கட்டும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற தொனி. பாட்டுக்கு நடுவில் வசனம் பேசுவது கன்ட்ரியில் பழைய வழக்கம், பலர் அதில் அழுது வடிவார்கள். டாலி வடியவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அந்த இடம்தான்.

இனி எல்விஸ். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டு பிடித்துப்போய், பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. டாலிக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரிடமிருந்து போன்: எல்விஸ் பாட வேண்டுமென்றால் பாட்டின் பப்ளிஷிங் உரிமையில் (பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் வரும் பணத்துக்கான உரிமை) பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். டாலி முடியாது என்றார். ராத்திரி முழுக்க அழுததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்விஸ் பாடினால் வரக்கூடிய புகழையும் பணத்தையும் அன்றைய நிலவரத்தில் யோசித்துப் பாருங்கள். பைத்தியக்காரத்தனம் என்றுதான் நாமெல்லாம் சொல்லியிருப்போம்.

இந்தப் பார்க்கர் ராணுவத்தில் கர்னலாக இருந்தவர் இல்லை. லூசியானா கவர்னர் ஜிம்மி டேவிஸ் கொடுத்த கௌரவப் பட்டம் அது. அந்தக் கவர்னரே ஒரு கன்ட்ரி பாடகர். 'யூ ஆர் மை சன்ஷைன்' பாட்டை பால் ரைஸ் என்பவரிடமிருந்து விலைக்கு வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர். தொழிலே அப்படித்தான் ஓடியது. வில்லி நெல்சன் வயிற்றுப்பாட்டுக்காக 'ஃபேமிலி பைபிள்' பாட்டை 50 டாலருக்கு விற்றார். 1960இல் கிளாட் கிரே பாடி அது ஹிட்டானபோது எழுதினவர் பட்டியலில் நெல்சன் பெயரே இல்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில், முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் எல்விஸ் கூடாரத்துக்கு முடியாது என்று சொன்னதை அந்த அளவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1975இல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் இதே பாட்டைப் பாடினார். சுத்தமான, அழகான குரல். ஆனால் அந்த மூன்றாவது சரணம் அதில் இல்லை. 1982இல் டாலியே ஒரு படத்துக்காகத் திரும்பப் பாடி மறுபடி கன்ட்ரி முதலிடம் பிடித்தார். எனக்கு அது ஒட்டவில்லை, மெருகு ஜாஸ்தி.

பிறகு 1992, விட்னி நடித்த 'தி பாடிகார்ட்' படம். அந்தப் படத்துக்கு முதலில் நினைத்திருந்த பாட்டு வேறொரு படத்தில் வந்துவிட, படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர் இதைச் சொன்னார். பாட்டின் இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் இருந்தது லிண்டாவின் பதிவு. டாலிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னபோதுதான், அதில் கடைசிச் சரணம் கிடையாதே, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாலி சொல்ல, ஃபாஸ்டர் விழித்திருக்கிறார். அப்படி ஒரு சரணம் இருப்பதே அவருக்குத் தெரியாது! ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் திரும்பப் பாடுவதுதான் 'கவர்'; மூலத்தை விட்டுக் கவரைப் பார்த்துக் கவர் எடுத்தால் இதுதான் ஆபத்து. விட்டது விட்டதாகவே போய்விடும்.

விட்னி அதைப் பேசாமல் பாடினார். சாக்ஸபோன் முடிந்ததும் அந்தச் சரணம், அப்புறம் ஒரு கணம் முழு மௌனம், டிரம்ஸில் ஒரே ஓர் அடி, சுருதி ஏறுகிறது. ஊர் உலகமே காத்திருக்கும் இடம் அது. பாட்டுப்போட்டிகளில் எல்லோரும் அந்த அடிக்குப் பிறகு வருகிற உச்சத்தைத்தான் குறிவைக்கிறார்கள். அதற்கு முன்னால் வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் வரும் ஆரம்பத்தைக் கேளுங்கள், கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. அப்படித் தனிக்குரலில் ஆரம்பிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவரும் காஸ்ட்னர்தான். நடிகர் பேச்சைக் கேட்டு ஒரு பாட்டு உருப்பட்ட அபூர்வச் சம்பவம்.

அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். டாலி கார் ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியோவில்தான் முதன்முதலில் கேட்டாராம். வெறும் குரலில் வந்த முதல் வரிகளில் தன் பாட்டு என்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

என் கட்சி இதுதான். விட்னியை டாலி வாய் நிறையப் புகழ்வதைப் பார்த்து, என்ன பெருந்தன்மை என்று எல்லோரும் சிலாகிக்கிறார்கள். பெருந்தன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு அடியில் விட்டுக்கொடுக்காத ஒரு பத்திரம் இருந்தது. ஒவ்வொரு தடவை விட்னி பாட்டு ஒலிக்கும்போதும் எழுதினவர் பங்கு டாலிக்குப் போய்ச் சேர்ந்தது. 50 டாலருக்கு விற்றிருந்தால் இதே கவரைக் கேட்டு வயிறு எரிந்திருக்கும், யாருக்கும் எரியும். பாடினவரா எழுதினவரா என்ற சண்டையே எழுதினவர் ஏமாந்த இடத்தில்தான் கசக்கிறது. இங்கே ரெண்டு பேருமே ஜெயித்தார்கள். அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்தை வாங்கிப்போட்டதாகவும், அது விட்னி கட்டிய வீடு என்றும் டாலியே சொல்லியிருக்கிறார்.

கேட்கப் போகிறவர்கள் 1974, 1975, 1992 என்று வரிசையாகக் கேளுங்கள். லிண்டா பாட்டு முடியும்போது 'என்ன, அதுக்குள்ளயா?' என்று தோன்றினால் உங்கள் காது சரியாக இருக்கிறது. 1982ஐ விட்டுவிடலாம், குடி முழுகாது.