கொயருக்கு பேஸ் கிட்டார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நம் குமரி மாவட்டத்தில் ஆலயக் கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) பேஸ் வாங்கப் போனால் முதலில் கம்பெனி பெயர், அடுத்து விலை, அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சில குறைகள் விலை கூடினாலும் போகாது, அவை வடிவமைப்பிலேயே இருப்பவை. 1951-ல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் அமைப்பைத்தான் இன்றும் பலரும் பின்பற்றுகிறார்கள். நல்லதோடு குறையும் சேர்ந்தே வருகிறது.

கடையிலேயே ஸ்ட்ராப் போட்டு இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் கீழே சரிகிறதா? 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), நெக் எனும் நீண்ட கழுத்தின் நுனியில் நான்கு கனத்த டியூனிங் கீ (கம்பியை முறுக்கும் திருகு). மேல்கொம்பில் இருக்கும் ஸ்ட்ராப் பட்டன் 12-ஆம் ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நேராக வராவிட்டால் பெரும்பாலும் சரியும். பிறகு ஆராதனை முடியும்வரை இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்கும், மணிக்கட்டு வலிக்கும். சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் வழுக்கலைக் குறைக்கும், அவ்வளவுதான். எடை குறைந்த கீ மாற்றுவதே சரியான வழி. நுனியில் குறையும் சில கிராமுக்கு நெம்புகோல் பலன் அதிகம்.

அடுத்தது ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல். பிரிசிஷனில் 1957-லேயே பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இரண்டாகப் பிரித்து இதைத் தீர்த்துவிட்டார்கள். 1960-ல் வந்த ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். இரண்டு வால்யூமும் ஒரே அளவில் இருந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்ததும் கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" தொடங்கிவிடும். உள்ளே செம்புத் தாள் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். அது கரகரப்பைக் குறைக்கும், காந்தப்புலம் வழியாக வரும் இந்த இரைச்சலைத் தடுக்காது. இரைச்சல் நீக்கும் பிக்கப் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு குறை: பல பேஸ்களில் ஜி கம்பியில் 5-லிருந்து 7-ஆம் ஃபிரெட்டுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று அணையும். நெக் அதே அதிர்வெண்ணில் தானும் அதிர்ந்து சக்தியை உறிஞ்சுவதே காரணம். புதுக் கம்பி போட்டும் பயனில்லை. ஆம்ப் இல்லாமல் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் இயங்கும் சர்க்யூட் உள்ளது) என்றால் பாசிவ் சுவிட்ச் (பேட்டரி இல்லாமல் வாசிக்க) இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்ததும் பாட்டு நடுவே சத்தம் போய்விடும். வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றி வையுங்கள், செருகியிருந்தாலே பேட்டரி இறங்கும்.

நமக்கு இரண்டு மழைக்காலம். ஈரம் கூடிக் குறையும்போது நெக் வளைவும் மாறும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் திருகு, பாடியோடு சேரும் முனையில் இருக்கும் பழைய பாணியில், ஒவ்வொரு முறையும் நெக்கையே கழற்ற வேண்டும். நம் ஊருக்கு அது ஒத்துவராது, தலைப்பக்கம் திருகு உள்ளதையே எடுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் பாடியோடு சேரும் ஃபிரெட்டில் கம்பியை அழுத்தினால், 7-ஆம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி போதும். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் சாடில் (பாடியில் கம்பியைத் தாங்கும் துண்டு) திருகுகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் துரு பிடித்து இறுகினால் கம்பியின் உயரத்தைத் திருத்தவே முடியாது.